டம்ளரும் பச்சைப் பெட்டியும்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்கேன் மேசைமேல் நான். பக்கத்தில் ஸ்கேன் எடுக்கும் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. கதவுக்கு வெளியே என் நாத்தனார்.

எனக்கு இடது மார்பில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து, கதிர் சிகிச்சைக்குத் திட்டம் போடும் நாள் அது. “கதிர் படுற இடத்துக்கு அடியிலேயே இதயம் இருக்கும்மா. மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சா அது தள்ளிப் போயிடும். வீட்ல பழகிட்டு வாங்க. முடியலன்னா வேற மாதிரி பார்க்கலாம்” என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அந்த ‘முடியலன்னா’ மட்டும் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பரீட்சைக்குப் பயந்தே ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான்.

வீட்டில் நாத்தனார்தான் பழக்கினாள். என்னைப் படுக்கவைத்து, வலப்பக்க நெஞ்சில் காலி டம்ளர் ஒன்றை வைப்பாள். “டம்ளர் ஏறணும் அண்ணி!” எப்படியோ ஏற்றிவிடுவேன். ஆனாலும் பெங்களூர் அடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது பந்தயம் கட்டினாள்: “பயத்துலயே மூச்சை விட்டுடுவீங்க, பாருங்க. விடலன்னா நான் இருநூறு ரூபா தர்றேன்.”

கூரையில் இருந்த கேமராவிலிருந்து சிவப்பு வெளிச்சம் என் தோலில் விழுந்தது. தொடாமலே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை அளக்குமாம். முகத்துக்கு மேலே சின்னத் திரை. மூச்சிழுத்தால் அதில் ஒரு கோடு ஏறும். திரையில் வரைந்திருக்கும் பெட்டிக்குள் அது நின்றால் பெட்டி பச்சையாகும்.

இழுத்தேன். கோடு பெட்டியைத் தாண்டி ஓடியது.

“அக்கா, முதுகைத் தூக்குறீங்க!”

“அப்படித்தானே டம்ளர் ஏறுச்சு?”

“எந்த டம்ளர்?”

சொன்னேன். ஸ்பீக்கரில் டாக்டரம்மா சிரிப்பது கேட்டது. “டம்ளரை ஏமாத்திட்டீங்க, கேமராவை முடியாதும்மா. முதுகு அப்படியே கிடக்கட்டும். மூச்சு மட்டும்.”

“டென்ஷன் பேடா, வேண்டாம் அக்கா” என்று கன்னடம் கலந்து சொல்லி, தோளைத் தட்டிவிட்டு அந்தப் பெண்ணும் வெளியே போனாள்.

தனியாகக் கிடந்தேன். மெல்ல இழுத்தேன். கோடு ஏறியது, பெட்டிக்குள் போனது, நின்றது. பச்சை! கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மூச்சு போய்விடுமே! காதுக்குள் இதயம் தடதடத்தது. ‘தள்ளிப் போ, தள்ளிப் போ’ என்று அதனிடம் சொல்லிக்கொண்டே பிடித்திருந்தேன்.

“சூப்பர்மா, விடுங்க!”

பிறகு டாக்டரம்மா இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்றில் நெஞ்சோடு ஒட்டியிருந்த இதயம், மற்றதில் விலகி நின்றது. நடுவே கறுப்பாக ஒரு சந்து. என் மூச்சு போட்ட சந்து!

வெளியே ஓடி வந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன். அழுதாள், சிரித்தாள்.

“எடுடி பணத்தை.”

“சில்லறை இல்ல அண்ணி.”

சிகிச்சையே முடிந்துவிட்டது. அவள் தர வேண்டிய பாக்கி இன்னும் இருநூறு ரூபாய்.