தாழ்ப்பாள் உள்பக்கம்

எங்கள் பைண்டிங் கூடத்தில் அக்காவுக்கு மகாராணி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நேரே சொல்ல மேஸ்திரிக்கே துணிச்சல் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மாமியாரையும் புருஷனையும் வறுத்தெடுப்போம். அக்கா வாய் திறக்கமாட்டாள். புதிதாய் வந்த ஒருத்தி விவரம் தெரியாமல், "உங்க வீட்டுக்காரர் எப்படிக்கா செத்துப்போனார்?" என்று கேட்டுவிட்டாள்.

"மூச்சு நின்னு" என்றாள் அக்கா. அதோடு சரி.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் தாள் மடித்தவள் நான். நாலாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அவளைப் பற்றி எழுதும் தைரியம் எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அவளைப் பற்றி ஒரு நாவலே வந்துவிட்டது. அதில் முடிவு தப்பு.

அச்சகத்திலிருந்து எங்களுக்குப் பெரிய பெரிய தாளாக வரும். ஒவ்வொன்றிலும் பதினாறு பக்கம், ஃபாரம் என்போம். எது முதலில் அச்சாகிறதோ அது முதலில் வரும். அதனால் எந்தக் கதையும் எங்களுக்கு வரிசையாகத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும். செத்தவர் அடுத்த வாரம் எழுந்து நடப்பார்.

இந்த நாவலில் கடைசி ஃபாரம்தான் முதலில் வந்தது. மடித்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். புருஷனை இழந்த ஒருத்தி. யாரையும் அண்டவிடாமல் வீட்டைச் சாத்திக்கொண்டவள். கடைசியில் கதவைத் திறந்து, தம்பி மார்பில் விழுந்து, "என் திமிரை மன்னிச்சிடுடா" என்று கதறுகிறாள். எங்கள் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. பசை காய்ச்சுகிறவளுக்கு மூக்கே ஒழுகியது.

"சீ, அழுமூஞ்சி!" என்றாள் அக்கா. "இவளையெல்லாம் ஒருத்தன் மெனக்கெட்டு எழுதியிருக்கான் பாரு."

சில நாள் கழித்து முதல் ஃபாரம் வந்தது. அதில்தான் தலைப்பு: தாழ்ப்பாள். கீழே எழுதியவர் பேர். அக்காவின் கை அப்படியே நின்றது. புரட்டினால் பச்சைக் கதவு, மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. அக்கா வீடேதான். அந்த வாசல்வரை நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வாசல்வரைதான்.

"அக்கா, இது..."

"என் தம்பி எழுதினது. மடி, வேலை நிக்கக் கூடாது."

அக்காவின் புருஷன் செத்த வாரமே சொந்தக்காரர்கள் கூடி, தம்பி வீட்டோடு இருந்து அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று முடிவுசெய்தார்களாம். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மறுநாள் வேலை தேடிக் கிளம்பத்தான் திறந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புத்தகம் எடுத்துப்போக அந்தத் தம்பியே வந்தான்.

"அக்கா, உன்னை மனசுல வெச்சுதான் எழுதினேன். வெளியீட்டு விழாவுல மேடையில உனக்கு நாற்காலி. இவங்கதான் அந்தத் தாழ்ப்பாள்னு காட்டப்போறேன். நீ வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பேரு நல்ல பேருதான்டா. தாழ்ப்பாள் உள்ள இருக்கறவ கையிலதான் இருக்கும். வெளியில தொங்கினா அது பூட்டு. அது வரைக்கும் என்னைச் சரியாத்தான் புரிஞ்சிருக்க. அப்புறம் ஏன் கடைசியில நீயே திறந்துவிட்ட?"

"படிக்கிறவங்க மனசு உருகணும்ல அக்கா."

"அதுக்கு என்னை ஏன்டா காய்ச்சற?"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "ஒரு நாள்தானேம்மா. போய் உட்கார்ந்துட்டு வாங்க. நம்ம கூடத்துக்கும் பெருமை."

"பெருமை வேணும்னா நீங்க போய் உட்காருங்க மேஸ்திரி. அழறதுக்குக் கைக்குட்டை நான் தர்றேன்."

தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு எவ்வளவு நேரம் தட்டினேன். உள்ள ஒரு விசும்பல் கேக்கலையே. புருஷனுக்காக நீ ஒரு சொட்டுக்கூட அழலையே அக்கா."

"அழலைன்னு நீ கண்டியா?" என்றாள். "அந்தக் கதவுல முதுகைச் சாய்ச்சு, வாயில துணியை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். நீ தட்டின ஒவ்வொரு தட்டும் என் முதுகுலதான் விழுந்துச்சு. அந்த அழுகை என்னோடது. அதை மேடை ஏத்த உனக்கு யாருடா உரிமை குடுத்தா?"

ஆண்டவனே, கூடப்பிறந்ததுகளைப் பிரிச்சிடாதே என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

அக்கா தன் பலகைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். கடைசி ஃபாரத்தை விட்டுவிட்டு அவளே தைத்து அட்டை போட்டது. அதில் தம்பி தட்டிக்கொண்டே நிற்கிறான். கதவு சாத்தியே இருக்கிறது. கதை அங்கேயே நின்றுவிடும்.

"மத்ததெல்லாம் உன் புத்தகம். இதுதான் நான். மேடைக்கு வரமாட்டேன்."

அவன் அதை வாங்கி, கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "வீட்டுக்காவது வரலாமா?"

"வந்து தட்டு. திறக்கிறதும் திறக்காததும் என் இஷ்டம்."

விழாவில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்ததாம். கல் நெஞ்சுக்காரி என்று பலரும் பேசினார்கள். பேசட்டும். கதவுக்குப் பின்னால் நடந்ததை ஆண்டவன் பார்த்திருக்கிறான். சாட்சிக்கு அவன் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து பச்சைக் கதவைத் தட்டினான் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டேன்: "திறந்தீங்களா அக்கா?"

"உன் ஃபாரத்தை மடி" என்றாள்.