கஞ்சி வடியாத குக்கர்

எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுக்காடு எங்களுடையது. தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். சோளமும் நிலக்கடலையும் அதிலேயே விளைந்தன. சோறும் அதில் வெந்துவிடும். துவரம்பருப்பு மட்டும் ஒன்றரை மணி நேரம் கொதித்தாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். அதனால் பருப்புக்கென்றே ஒரு குடம் நல்ல தண்ணீர், முக்கால் மைல் தள்ளியிருந்த பொதுக்கிணற்றிலிருந்து தினமும் வந்தாக வேண்டும். கொண்டுவந்தது என் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருடமாக. அந்தக் குடத்தை ஒருநாள்கூட நான் தூக்கியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுடைய தம்பி ஒரு குக்கர் வாங்கி வந்தான். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் அவனுக்கு வேலை. ஐந்து லிட்டர் அலுமினிய குக்கர். கூடவே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் கேஸ் அடுப்பில் எப்படி வைப்பது என்று படம் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் விறகடுப்பு. சுற்று வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான்.

மச்சினனே முதலில் சோறு வைத்துக் காட்டினான். மறுநாள் அவள் பருப்பு வைத்தாள். திறந்து, இரண்டு பருப்பை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"பாருங்க. நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க."

பருப்பு வெண்ணெயாக இருந்தது. நல்ல தண்ணீர்க் குடத்தை அன்றைக்கே மூலையில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு சோறு, பருப்பு இரண்டுமே குக்கரில்தான்.

நான்காம் நாள் எருமை தண்ணீர் குடிக்க மறுத்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் சோற்றைப் பானையில் வைத்துக் கஞ்சியை வடிப்பார்கள். வடித்த கஞ்சி மாட்டுக்கு. அரிசி கழுவின தண்ணீர், ஆட்டிய பருத்திக்கொட்டை, ஊறிய புண்ணாக்கு எல்லாவற்றையும் தொட்டியில் கலந்து, மேலே சூடு ஆறாத கஞ்சியை ஊற்றினால்தான் எருமை வாய் வைக்கும். வெறும் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். குக்கரில் கஞ்சி வடிவதில்லை. அரிசி எல்லாத் தண்ணீரையும் தானே குடித்துவிடுகிறது. சோறு சமைக்கிறபோது மாட்டுக்கும் சேர்த்துச் சமைக்கிறோம் என்பது எங்களில் யாருக்குமே அதுவரை தோன்றியதில்லை.

தண்ணீர் குறைந்தால் பால் குறையும். பால் சொசைட்டியில் முதல் நாள் அரை லிட்டர் குறைந்தது, மறுநாள் முக்கால். அளக்கிறவர் என் முகத்தைப் பார்த்து, "எருமைக்குச் சீக்குங்களா?" என்றார்.

"குக்கருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது இதுதான்: "பால் இன்னும் கொறஞ்சா, குக்கரத் தம்பிகிட்டயே குடுத்தனுப்பிரு."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்: "அப்பக் கொடத்த நீங்க எடுத்துக்குவீங்களா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அடுத்த நாள் அவள் செய்த காரியத்தை எங்கள் பக்கத்துப் பெண்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். குக்கரிலேயே கஞ்சி எடுக்கப் பார்த்தாள். அரிசியைப் போட்டு, தண்ணீரைக் கழுத்து வரைக்கும் ஊற்றி மூடிவிட்டாள். கஞ்சி நுரைத்து மேலே ஏறி, ஆவி போகும் குழாயை அடைத்துக்கொண்டது. விசில் வரவில்லை. விசில் வரவில்லை என்று இன்னும் இரண்டு விறகு வைத்தாள். நான் வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் இருந்த சேஃப்டி வால்வு உருகித் தெறித்தது. நல்லவேளையாக அவள் மாட்டுத் தொட்டிப் பக்கம் போயிருந்தாள். ஓட்டுக்கு அடியில் பனங்கை, உத்திரம் எல்லாம் சோறு.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அம்மா வேலியைத் தாண்டி ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, இலை போடாம மோட்டுல பரிமாறியிருக்கற?"

என் மனைவி சிரிக்கவில்லை. சோற்றைத் துடைப்பத்தால் தட்டிக் கீழே இறக்கி, அதையும் தொட்டியில் கரைத்து ஊற்றினாள். எருமை குடித்தது.

வால்வு வாங்க நான் நாமக்கல் போனேன். பாத்திரக் கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க வெச்சீங்க?"

"கஞ்சிங்க."

"அடடா, ஊட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்லீங்க?"

"எருமைக்குங்க."

அவர் வால்வைப் பொருத்திக் கொடுக்கும்வரை என்னை மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் திரும்பி வந்தபோது அவள் அடுப்பு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யோசித்துச் சொன்னாள்: "அரிசிக்கு நம்ம தண்ணி போதுமுங்க. பருப்புக்குத்தானுங்க ஆகாது. ரெண்டையும் எதுக்கு ஒண்ணுலயே வெக்கோணும்?"

சோறு பழையபடி பானைக்குப் போனது. பருப்பு மட்டும் குக்கரில். கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பு ஒன்றுதான். அதோடு புத்தகத்தில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைக்கச் சொல்லியிருந்தது. விறகுத் தீயைக் குமிழ் திருகிக் குறைக்க முடியாது. விறகை வெளியே இழுத்தால் சோற்றுக்குத் தீ போய்விடும். அவள் கண்டுபிடித்த வழி கொடியடுப்பு. பெரிய அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல, உள்ளே வருகிற அனலில் மட்டும் எரிகிற சின்ன வாய் அது. அதுவரை வெந்நீர் வைக்கவே பயன்பட்டது. குக்கரைப் பெரிய அடுப்பில் வைத்து முதல் விசில் வந்ததும், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் கொடியடுப்புக்கு மாற்றினாள். பெரிய அடுப்பில் சோற்றுப்பானை ஏறியது. சோறு கொதித்துக் கஞ்சி வடிக்கிற நேரத்தில், பக்கத்தில் பருப்பும் மெல்லிய அனலில் வெந்து முடிந்திருந்தது. புத்தகம் சொன்ன சின்னத் தீ எங்கள் வீட்டில் முன்பே இருந்திருக்கிறது. அதை அவள்தான் பார்த்தாள்.

மற்றதையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து அவளே முறை கட்டினாள். குக்கரின் அடியில் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், கரி ஒரு துடைப்பில் போய்விடும். பருப்பில் அரைக் கரண்டி கடலை எண்ணெய் விட்டால் நுரை மேலே ஏறாது. கொள்ளு வைப்பதென்றால் ராத்திரியே ஊறப்போட வேண்டும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ரப்பர் வளையத்தைக் கழுவித் தண்ணீரிலேயே போட்டு வைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஒரு மாதத்தில் வெடித்துவிடும். விசில் வராமல் ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று போனால் விறகு வைக்கக் கூடாது, இறக்கிவிட வேண்டும். இதை மட்டும் இரண்டு தடவை சொல்வாள்.

சொல்வாள் என்றால் எங்களுக்கு மட்டுமல்ல. அடுத்த வருடத்துக்குள் சீர்வரிசையில் குக்கர் வர ஆரம்பித்துவிட்டது. வந்த குக்கரெல்லாம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. புதுப்பெண்கள் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பார்கள். "மாட்டுக்குக் கஞ்சி வேணுமா, வேண்டாமா? அத மொதல்லச் சொல்லு சாமி" என்றுதான் அவள் தொடங்குவாள். குக்கர் கம்பெனிப் புத்தகத்தில் இல்லாத கேள்வி அது. இரண்டு ஊரைக் கேட்டு விசாரித்துவிட்டே எழுதுகிறேன்: அவள் சொல்லிக் கொடுத்த ஒரு வீட்டில்கூட வால்வு தெறிக்கவில்லை.

பால் விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. கஞ்சி திரும்பி வந்த அன்றே எருமை தொட்டியை நக்கித் துடைத்தது. ஆனால் பால் உடனே ஏறவில்லை. தினமும் நான் சொசைட்டியிலிருந்து வந்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். வாய்விட்டுக் கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். எட்டாம் நாள் பழைய அளவைத் தொட்டது. ஒன்பதாம் நாள் ஒரு கால் லிட்டர் கூடவே இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். வெடித்த கதை பட்டறை வரைக்கும் போயிருந்தது. செருப்பைக் கழற்றுகிறபோதே ஆரம்பித்தான்.

"மாமா குக்கரத் திருப்பிக் குடுக்கச் சொன்னாராமே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எடுத்துட்டுப் போட்டுமாக்கா?"

"எவ்வளவுங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள். அவனைப் பார்க்கவில்லை.

சொன்னேன். கால் லிட்டரையும் சேர்த்தே சொன்னேன்.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "எடுத்துட்டுப் போறதுன்னா உங்க மாமாவ எடுத்துட்டுப் போ. குக்கரு இங்கதான் இருக்கும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் கொள்ளு ரசத்துக்காக இரண்டாம் முறை தட்டை நீட்டியிருந்தேன். அவள் ஊற்றினாள், தாராளமாகவே.