மத்தாப்புப் பெட்டியில் ஒரு புருவம்

சிவகாசியில் நான் டிசைனராக இருக்கும் அச்சகத்துக்கு விருதுநகரிலிருந்து ஒரு மகளிர் கல்லூரியின் ஆர்டர் வந்தது. விளம்பரங்கள் அன்றிலிருந்து இன்றுவரை பெண்களை எப்படிக் காட்டின என்று ஒரு சின்னப் புத்தகம். பழைய லேபிள் பீரோவை முதலாளி அண்ணாச்சி யாரையும் தொட விடமாட்டார். அன்றைக்கு அவரே திறந்துவிட்டார்.

"எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோ தாயி. பொம்பளைகளுக்கு நல்லது நடக்கட்டும். கடைசி அட்டையில நம்ம கம்பெனி பேரு இருந்தாச் சரி."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அப்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை.

லேபிள்களைத் தரையில் பரப்பினேன். தீப்பெட்டியில் குடம் சுமப்பவள், காலண்டரில் விளக்கேற்றுபவள், மிக்சியைப் பார்த்துச் சிரிப்பவள். வெடிப் பெட்டிகளில் எல்லாப் பெண்களும் மத்தாப்பு பிடித்திருந்தார்கள். அதைச் செய்கிற பெண் ஒருத்தியும் இல்லை. அத்தனை பேரும் ஒரே வெளுப்பு. எங்கள் பக்கம் அந்த நிறத்தில் யார் இருக்கிறார்கள்?

கடைசிப் பக்கத்துக்காக, போன சீசனில் வந்த கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றை எடுத்தேன். வெளியே கொடுத்துச் செய்த டிசைன். "கம்ப்யூட்டரே வரைஞ்ச மொகம்" என்று அண்ணாச்சி பெருமையடித்துக்கொண்டது அதைத்தான். ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு தெரிந்தது. சிறுவயதில் அடிபம்பில் இடித்துக்கொண்டதில் எனக்கு விழுந்த தழும்பு. சேலையும் என்னுடையதுதான். ஆயுத பூஜையன்று எல்லோரையும் மிஷின் முன்னால் நிறுத்தி எடுக்கும் போட்டோவுக்காகக் கட்டியது. நிறத்தை மாற்றியவர்கள் தழும்பை மறந்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் போட்டோவையும் பெட்டியையும் கடைசிப் பக்கத்தில் அருகருகே வைத்தேன். அடியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் இடத்தைக் காலியாக விட்டேன். அண்ணாச்சி ஓகே எழுதாமல் எதுவும் மிஷினுக்குப் போகாது. புரூஃபை அவரிடம் நீட்டினேன்.

"யாரு தாயி இது?"

"தெரியலையா அண்ணாச்சி? கம்ப்யூட்டர் வரைஞ்சதுன்னு சொன்னீக."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரித்தார்.

"அழகாத்தானே வந்திருக்க. நெறத்தக்கூட ஏத்தித்தானே விட்டோம்."

ஓகே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். காலியாக விட்ட இடத்தில் அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் டைப் செய்து அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினேன்.