இசாகு வாய்விட்டு வேண்டியது

எங்கள் ஊர் இசாகு மலையில் மோட்டார் ரம்பத்தால் மரம் அறுத்தே, அந்த இரைச்சலில் காது மந்தமாகிப் போனவர். மற்றபடி நல்ல மனிதர் என்றுதான் பெயர். மனைவி கினுவின் தங்கை நவோயே, வெள்ளத்தில் வீட்டை இழந்து வந்து நின்றபோது, "உன் வீடு மாதிரி நினைச்சுக்கோம்மா" என்று வெயில் படும் அறையையே கொடுத்தார்.

தினமும் காலையில் தேவதாரு மரங்களுக்கு நடுவிலுள்ள கோயிலுக்குப் போவார். மணிக்கயிற்றை ஆட்டி, இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். மனதுக்குள் வேண்டுவதாகத்தான் அவர் நினைப்பு.

இலையுதிர் காலத்தில் மகள் அவரை டவுனுக்கு இழுத்துப்போய்க் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் கோயிலில் கண்ணை மூடியதும், யாரோ உரக்கப் பேசுவது கேட்டது.

"சாமி, நவோயே எப்போ கிளம்புவா? தின்னுட்டு உக்காந்தே இருக்கா. சீக்கிரம் அவ மகன் வீட்டுக்கு அனுப்பிவை."

அது தன் குரல்தான் என்று புரிந்ததும் உடம்பு கூசிப்போயிற்று. திரும்பினார். பின்னால், சருகு கூட்டும் விளக்குமாறோடு நவோயே நின்றிருந்தாள்.

"நீ... எப்ப வந்தே?"

"நான் தினமும் வர்றேன் அத்தான். நீங்கதான் திரும்பியே பார்க்க மாட்டீங்க."

"கேட்டுச்சா?"

"படிக்கட்டுல நிக்கிறவங்களுக்கே கேட்கும்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மகன் வீட்டுல அவன் மாமியார் இருக்காங்க. எனக்குப் போக்கிடம் இல்லை. அதான் காதுல விழாத மாதிரி கூட்டிக்கிட்டே இருந்தேன்."

வீட்டில் கினு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். சொன்னா நீங்க அவமானப்படுவீங்கன்னு நான்தான் யாரையும் சொல்லவிடலை."

நவோயே பட்ட அவமானம் பெரிதில்லையா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கும் தகுதி தனக்கில்லை என்று அடங்கிப்போனார்.

அன்று மாலை நவோயேவின் முன் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தார். "எழுந்திருங்க அத்தான், சூப்பு ஆறுது" என்றாள் அவள்.

பனி உருகியதும் ஆற்றங்கரையில் அரசு வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. இசாகுதான் தன் வண்டியில் பெட்டிகளை ஏற்றிப்போனார். வழியெல்லாம் "போகாதேம்மா" என்று சொல்லத் துடித்தார். அந்த வாயால் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? பெட்டிகளை இறக்கி வைத்தார். "டீ குடிச்சுட்டுப் போங்க அத்தான்" என்று அவள் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.