நான் காட்டாத இரண்டாவது தாள்

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் வாக்குவாதம் என்று ஒன்று வந்தால் அதில் நான் இருப்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணாச்சி ஒருவர், எபிரேய பைபிளின் முதல் ஐந்து நூல்களில் கடவுள் ரகசியச் செய்திகளை ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஆரம்பித்ததும் எனக்குக் கை பரபரத்தது. எழுத்துகளை இடைவெளி இல்லாமல் வரிசையாக வைத்து, ஐம்பதுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று எனத் தாண்டித் தாண்டிப் படித்தால் நடந்ததும் நடக்கப்போவதும் தெரியுமாம்.

நான் துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் அடிக்கிற கம்ப்யூட்டர்காரன். விடுவேனா? அதற்கான மென்பொருளை இறக்கி, எங்கள் ஆபீஸ் விதிமுறைப் புத்தகத்தை அதில் போட்டேன். அதிலும் பங்குச் சாமியார் பேரும் பக்கத்திலேயே ‘கப்பல்’ என்ற சொல்லும் வந்தன. அடுத்த கூட்டத்தில் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த மாதம்தான் அத்தான் போன தோணி காணாமல் போனது. அத்தான் என் அக்காவின் கணவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போகிற தோணியில் தண்டல், அதாவது கேப்டன். தேடப் போனவர்கள் இரண்டு பலகையோடு திரும்பினார்கள்.

உடல் கிடைக்காதவருக்கு, அவர் உடுத்திய சட்டையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துப் பூசை ஒப்புக்கொடுப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். நாற்பது நாள் கழிந்ததும் அக்காவின் மாமியார் அதைத்தான் கேட்டார். படுக்கையில் கிடந்தவர். பூசை நடந்தால்தான் மகனுடைய ஆத்துமா கரையேறும் என்று அழுதார். அக்கா சட்டையைத் தர மறுத்துவிட்டாள். ஒரு மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த மெசினுல அவுக பேரப் போட்டுப் பாருலே” என்றாள்.

போட்டேன். எபிரேயத்தில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை; நாலு எழுத்து தட்டுப்பட்டாலே ஒரு பேர் ஆகிவிடும். அத்தான் பேர் வந்தது. அருகில் ‘உயிரோடு’ என்ற சொல்லும் வந்தது. அந்த மொழியில் அதற்கு இரண்டே எழுத்து, எந்த மூலையில் தேடினாலும் கிடைக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் முகத்தில் நாற்பது நாளாக இல்லாத வெளிச்சம். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன்.

அவள் போன பிறகு ‘இறந்தான்’ என்று போட்டுப் பார்த்தேன். அதற்கும் இரண்டே எழுத்து. பேருக்கு இன்னும் நெருக்கமாக வந்தது. அதையும் அச்செடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அக்கா தன் தாளை மாதா படத்துக்குக் கீழே ஒட்டினாள். பூசைப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினாள். அண்ணாச்சி அதன் நகலைக் கூட்டத்துக்கே கொண்டுவந்து, நம்ம தம்பியே எடுத்துக் கொடுத்தது என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்ன பேசுவான்?

மாமியார் மழைக்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நீயாவது உன் அக்காவிடம் சொல்லு ராசா என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். சொல்கிறேன் என்பேன். சொல்லவில்லை. மகனுக்கான பூசையைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். பெட்டிக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் வரை நடந்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது தாளோடு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தால்கூட நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவள் தாளை வாங்கவே இல்லை. பீரோவைத் திறந்து அத்தானின் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்புட்டுப் பேரு முன்னால பொய்யின்னு காட்டுனவன்தான நீ. எனக்கு மட்டும் எதுக்குலே நெசம்னு காட்டுன?”

தாய்க்கும் மகனுக்கும் சேர்த்துப் பூசைக்குச் சொல்லிவிட்டு வா என்றாள். நான் எழுந்தபோது சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“கடைசியா அத்தை கேட்டப்ப, பெத்த மகன உசுரோட பொதைக்கப் பாக்கியளான்னு கேட்டுட்டேன். அதுக்கப்புறம் அவுக என்கிட்ட பேசவே இல்லலே.”

அவளை அப்படிக் கேட்க வைத்தவன் நான்.