கடப்பாரை மேல் உட்கார்ந்து செய்த ஜெபம்

என் மைத்துனன் சாமுவேல் புல்டோசர் செயினுக்கு அடியில் கிடந்தான். நான் ஒரு கடப்பாரையின் மேல் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தால் அவன் பள்ளத்துக்குள் போய்விடுவான்.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலே எங்கள் சபையில் பாதிப் பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அது எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வாரம். அதற்கு முந்தின வருஷம்தான் நானும் சாமுவேலும் சேர்ந்து ஒரு கிழட்டு புல்டோசரை வாங்கியிருந்தோம். கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் மழையிலும் வெயிலிலும் கிடந்த வண்டி. புகைக்குழாயைத் தட்டினோம், உள்ளேயிருந்து ஓணான் எட்டிப் பார்த்தது. வண்டியைத் திருப்புகிற கிளட்ச் இரண்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஊறவைத்ததில் வலது பக்கம் மட்டும் விடுபட்டது. ஆகவே கொஞ்ச நாள் எங்கள் வண்டி வலது பக்கம் மட்டுமே திரும்பும். இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு முழு வட்டம் அடித்து வரவேண்டும். ஆலைக்காரர் வாசலில் நின்று, "இன்னாப்பா, பிரதட்சணம் முடிஞ்சுதா?" என்று கேட்பார்.

பெரிய டீசல் இன்ஜினைக் கிளப்ப அதில் ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜின் உண்டு. குட்டி இன்ஜினைக் கிளப்ப நான். என்னைக் கிளப்ப சாமுவேல். தூக்கத்திலிருந்து எழுப்பி, காப்பி கொடுத்து, சட்டையை எடுத்து நீட்டுகிற வரைக்கும் அவன்தான்.

அவன் என் மனைவி எஸ்தரின் தம்பி. தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் எஸ்தருக்கு மூத்த பிள்ளை அவன்தான். நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "வண்டி போனா போவுது. அவன நல்லபடியா இட்டுகினு வாங்க" என்பாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் எப்படியும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவேன் என்ற நம்பிக்கை.

அந்த முறை கல்வராயன் மலையில் வேலை. வெள்ளிமலைக்குப் போகிற ஒரு பழைய ஒற்றையடிப் பாதையை அகலப்படுத்தி ரோடாக்க வேண்டும். பாதி வேலையில் செயின் தகடுகளைக் கோத்துப் பிடிக்கிற இரும்பு முளை, பின் என்போம், ஒன்று வளைந்துவிட்டது. புதுப் பின் கொண்டுவர வேண்டிய லாரி கீழே மறியலில் மாட்டிக்கொண்டது. வெட்டிப் போட்ட மரங்களைத் தாண்டி எதுவும் வரவில்லை. மறியல்காரர்களை நான் திட்டாத திட்டு இல்லை. அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. என் பின் வரவில்லை, அவ்வளவுதான் என் அரசியல். கடைசியில் பழைய பின்னையே கழற்றித் திருப்பிப் போடலாம் என்று செயினைப் பிரித்தோம்.

புல்டோசருக்குச் சக்கரம் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகளைக் கோத்த செயின்தான். அதில் ஒரு முழத்தைத் தூக்கவே ஆள் திணறிப்போவான். அது வழுக்கி ஓடாமலிருக்க வடக்கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தோம். கயிறு அறுந்தது. செயின் சடசடவென்று முன்பக்கமாகச் சரிந்து சாமுவேலின் தொடை மேல் விழுந்தது. மழையில் ஊறிய மண் அவனை உள்வாங்கிக்கொண்டது. ஆனால் பாதை சரிவு. செயின் அவனையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நகர ஆரம்பித்தது.

கையில் கிடைத்த கடப்பாரையைச் செயினின் இடுக்கில் செருகி, ஒரு பாறையில் முட்டுக்கொடுத்து, மறுமுனையில் உட்கார்ந்துவிட்டேன். செயின் நின்றது. என் தொப்பையால் ஊருக்கு ஆன ஒரே உபகாரம் அன்றைக்கு நடந்ததுதான்.

"மாமா, ஏந்திரிக்காதீங்க" என்றான்.

"ஏந்திரிக்கல. காலு இருக்குதாடா?"

"கீது. என்னுதான்னு தெரில."

ஆள் கூப்பிட ஓட முடியாது. கத்தினேன். மலைதான் திருப்பிக் கத்தியது. பிறகு ஜெபம் பண்ணினேன், உரக்க. "ஆண்டவரே, ஒரு ஜீப்ப அனுப்பும். ஜாக்கியோட அனுப்பும். கூட நாலு ஆளும், ஒரு இரும்புக் கயிறும் இருக்கட்டும். டிரைவர் தெரிஞ்சவரா இருந்தா நல்லது."

மண்ணுக்குள் கிடந்தவன் மெல்லச் சொன்னான். "மாமா, இன்னா இது, கடைக்குச் சீட்டு எழுதற மாதிரி கீது. அதுவுமில்லாம இங்க ஜீப் எப்டி வரும்? ரோடு போடவே நாமதான வந்துகீறோம்."

அந்த நிலையிலும் இருவரும் சிரித்தோம். சிரித்ததில் கடப்பாரை ஆடியது. சிரிப்பு நின்றது.

அதன் பிறகு அவன் பேசவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே போனது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான். அப்புறம் அதுவும் இல்லை. எஸ்தரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? எனக்குத் தெரிந்த ஜெப வார்த்தைகளெல்லாம் தீர்ந்துபோயின. ஜீப்பும் ஜாக்கியும் மறந்துபோயின. "சாமு" என்றேன். "ஆண்டவரே, சாமு." அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

தலையில் மூட்டையோடு ஒரு மலைக்காரப் பெண் முதலில் வளைவில் ஏறி வந்தாள். என்னைப் பார்த்து, "இன்னாய்யா, கடப்பாரைய அடைகாக்கறியா?" என்றாள். அடுத்த நொடி சாமுவேலைப் பார்த்துவிட்டாள். மூட்டை கீழே விழுந்தது. "ஏ, எல்லாரும் ஓடியாங்க" என்று பின்னால் திரும்பிக் கூவினாள்.

வந்தார்கள், ஒரு பஸ் கொள்ளுகிற ஜனம். மறியலால் பஸ் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிட, பஸ் வந்த நாளிலிருந்து யாரும் நடக்காத அந்தப் பழைய பாதையில் எல்லாரும் நடந்து வந்திருக்கிறார்கள். மற்ற நாளாக இருந்தால், மலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போயிருப்பார்கள்.

தூக்குவதற்குக் கம்பு வேண்டுமே என்றேன். கூட்டத்தின் பின்னாலிருந்து இரண்டு இளைஞர்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். ஒருவன் துண்டில் சுற்றி வைத்திருந்த கோடாலியை வெளியே எடுத்தான். "மறியல்ல இருந்தோங்க. போலீஸ் தேடுது, அதான் மேல போறோம். யாராண்டயும் சொல்லிடாதீங்க" என்றான். பேசிக்கொண்டே மரத்தில் ஏறிவிட்டான். ஒரு வாரமாக நான் சபித்த கோடாலி என் கண்ணெதிரே தடித்த கிளைகளை வெட்டித் தள்ளியது.

அந்தப் பெண் குரல் கொடுக்க, எல்லாரும் கம்புகளைச் செயினுக்கு அடியில் கொடுத்து ஒரே மூச்சில் நெம்பினார்கள். சாமுவேலை வெளியே இழுத்தார்கள். அவன் முனகினான். அந்த முனகலைப் போல ஒரு கீர்த்தனையை நான் கேட்டதில்லை.

"நீ இனிமே ஏந்திரிய்யா" என்றாள் அவள். என்னால் முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு இளைஞர்களும் என்னைப் பிடித்துத் தூக்கினார்கள். "செயினே தேவலாம்" என்றான் ஒருவன்.

அந்தக் கம்புகளிலேயே அவளுடைய போர்வையைக் கட்டி, சாமுவேலைத் தோள்மாற்றித் தோள்மாற்றி வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போனார்கள். தொடை எலும்பில் விரிசல், கால் தப்பியது என்று டாக்டர் சொன்னார். பஸ் ஓட ஆரம்பித்ததும் எஸ்தர் வந்தாள். தம்பியின் காலைப் பாதத்திலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள். அதுவரை அழாதவன் அப்போது அழுதேன்.

சாமுவேல் லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறான். அந்த ரோட்டை நாங்களே போட்டு முடித்தோம். வண்டியை இன்றும் ஓட்டுகிறோம். செயினைப் பிரிப்பதற்கு முன் இரண்டு இரும்புக் கயிறு கட்டுகிறோம். ஆண்டவரை நம்புகிறேன், கயிற்றை நம்புவதில்லை. வழியை மறிக்கிறார்களே என்று இப்போது யாரையும் சட்டென்று திட்ட வாய் வருவதில்லை. எனக்கான உதவி எந்தக் கோடாலியோடு ஏறி வருகிறதோ, யார் கண்டது?

இதைக் கேட்கிற உங்களில் யாராவது, விட்டுவிட்டு எழ முடியாத ஒரு பாரத்தின் மேல் இன்று தனியாக உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. எதை, எப்படி, யார் மூலம் என்று நீங்கள் ஏற்பாடு செய்யவும் வேண்டாம். யாருக்காக அழுகிறீர்களோ, அவருடைய பெயரை மட்டும் சொல்லுங்கள். போதும், ஆண்டவருக்குப் புரியும்.