பருத்தியில் முட்டும் வண்டி

தாலிக்கொடியில் மாட்டியிருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, அதன் முனையால் ஒயரைத் துளைக்குள் தள்ளுகிறார் வெற்றிச்செல்வி. காலையில் பருத்தி எடுத்துவிட்டு வந்த விரல்கள். காய்ந்த காய் கீறிய கோடுகள் இன்னும் சிவப்பாக இருக்கின்றன. "ஒழுங்கா நில்லு. சும்மா சும்மா கழண்டுக்கிட்டு!" என்று ஒயரை அதட்டுகிறார். வீட்டு ஆட்டையும் இதே குரலில்தான் அதட்டுவார்.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக் காடு, ஒரு மாடு, இரண்டு ஆடு. இவற்றுக்கு நடுவே நாற்பது வயதில் ரோபோ செய்யக் கிளம்பியிருக்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பரீட்சை அட்டையின் மேல் சக்கரம் மாட்டிய இரண்டு மோட்டார், ஒரு போர்டு, முன்னால் இரண்டு கண் வைத்தாற்போல ஒரு சென்சார். நம் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்றை அது போடும். எதிரொலி திரும்பி வந்தால் முன்னால் ஏதோ இருக்கிறது என்று வண்டி நின்று திரும்ப வேண்டும். பாடமெல்லாம் போனில்தான். வீடியோக்காரர் "ரொம்ப சிம்பிள்" என்று சொல்லும்போதெல்லாம், "ஒனக்கென்னப்பா, சொல்லிட்டுப் போயிடுவ" என்பார்.

வீட்டில் அதற்குப் பொம்மை என்று பெயர். வைத்தவர் கணவர் மணிவண்ணன். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் துடுக்கு. பாலிடெக்னிக்கில் முதல் வருஷத்தோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவர் மனைவி என்று அவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், வண்டி முதல்முறை முட்டிக்கொண்டதும், "ஒனக்கு இதெல்லாம் வராது புள்ள" என்று சொல்லிவிட்டார். அந்த 'வராது' வெற்றிச்செல்விக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பருத்தி லாரி ஏறுவதற்குள் வண்டி தானாக நின்று திரும்ப வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டார்.

சமதரை என்று இருப்பது முன்கூடம் மட்டும். அங்கே மூன்று பக்கமும் பருத்திக் குவியல். வண்டி நேராகப் போய் அதில் தலையைப் புதைத்துக்கொள்ளும். சென்சாரை மாற்றினார், புதைந்தது. இன்னொன்று வரவழைத்தார், அதுவும் புதைந்தது. போர்டில் ஏற்றிய நிரலை வரிவரியாகச் சரிபார்த்தார். "எல்லாஞ் சரியாத்தான இருக்கு, பின்ன ஏன் இப்புடி முட்டுற?" என்று கேட்டு ஒருநாள் அழுதே விட்டார்.

லாரி வர ஒரு நாள்தான் பாக்கி. அன்று காலை வெற்றிச்செல்வியின் போனைக் காணோம். மணிவண்ணன் தன் போனிலிருந்து கூப்பிட்டார். மணி போகிறது, வீட்டில் சத்தமே இல்லை. கடைசியில் குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார் வெற்றிச்செல்வி. கையோடு வெளியே வந்த போன் வீடே அதிர அலறியது. அவர் அதை அணைக்கவில்லை. மறுபடி பருத்திக்குள் அமுக்கினார், அடங்கியது. வெளியே இழுத்தார், அலறியது.

"சத்தத்த பூராவும் முழுங்கிட்டு ஒக்காந்திருக்கு பாருங்க மாமா!"

எதிரொலியே வராவிட்டால் வண்டி பாவம் என்ன செய்யும்? முன்னால் வெட்டவெளி என்று நினைத்து ஓடத்தானே செய்யும்.

வண்டியைத் தூக்கிக்கொண்டு பின்தாழ்வாரத்துக்கு ஓடினார். மேடுபள்ளத் தரையில் ஆடி ஆடித்தான் போனது. தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றது, திரும்பியது. சுவர் முன்னால் நின்றது, திரும்பியது. என்ன கூத்து என்று பார்க்க வந்த மணிவண்ணனின் காலில் மட்டும் வண்டி நேராகப் போய் மோதியது.

"என்னய மட்டும் ஏன் இடிக்குது?"

"உங்க கைலியும் பருத்திதான மாமா. நீங்க நிக்கறதே அதுக்குத் தெரியல."

மணிவண்ணன் நாலடி பின்னால் போனார். கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்கால்களைச் சேர்த்துவைத்து, வண்டிக்கு நேர் எதிரே நின்றார்.